மூன்றாவது அடிக்குப் பிறகு

கழுதையை மூன்றாவது முறையாக அடிக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இரண்டு இரவுகள் உட்கார்ந்து எழுதிய நகைச்சுவை வசனங்கள் எவற்றுக்கும் அவ்வளவு சிரிப்பு எழவில்லை. சுருட்டிய செய்தித்தாள் ஒரு சிறுவனின் முதுகில் விழுந்த ஓசைக்கு எழுந்தது. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையை விட்டுப் பிரிந்து, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு பாதையின் முடிவில் இருக்கும் சிறிய ஆலயத்தின் பின்கட்டில், அக்டோபர் மாதத்து மழைச் சனிக்கிழமை ஒன்றில், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் படிக்கும் 14 பிள்ளைகளோடு நான் நடத்திய ஒத்திகை அது. அன்று அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நாடகம் எடுபட்டுவிடும் என்று நம்பிக்கை வந்தது. மாலைப் பேருந்தில் சேலத்துக்கு இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் அந்த மகிழ்ச்சி கரைந்துபோய், அது இருந்த இடத்தில் ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. காரணம் என்னவென்று அன்றிரவு எனக்கு விளங்கவில்லை. விளங்குவதற்கு இரண்டு வாரங்கள் ஆயின. விளங்கவைத்தவன் கழுதையாக நடித்த அந்த ஏழாம் வகுப்புச் சிறுவன்.

நவம்பரில் பாலர் ஞாயிறு வரும். அன்று காலை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதும் பாடல் நடத்துவதும் காணிக்கை எடுப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு. மாலையில் அவர்களுடைய கலைநிகழ்ச்சி. ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்த எவருக்கும் அந்த மாலைகளில் என்ன நாடகம் நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கெட்ட குமாரன் ஒரு வருடம், நல்ல சமாரியன் மறுவருடம், தாவீதும் கோலியாத்தும் அதற்கடுத்த வருடம். இந்த முறை பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: அழுகிற நாடகம் வேண்டாம், காமெடி வேண்டும். அந்தக் கோரிக்கை எனக்கு நியாயமாகவே பட்டது. நடுநிலைப்பள்ளி வயது ஒரு சங்கடமான வயது. சின்னப் பிள்ளைகளைப்போலத் தோளில் இறக்கை கட்டிக்கொண்டு நிற்கவும் கூச்சம், பெரியவர்களைப்போல உருக்கமாகப் பேசவும் கூச்சம். சிரிக்கவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் மட்டும் அந்தக் கூச்சம் விலகி, கை, கால், கண், குரல் எல்லாம் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆகவே, சிரிப்பை நாம் வெளியிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்கத் தேவையில்லாத, தனக்குள்ளேயே சிரிப்பு உள்ள ஒரு வேதாகமக் கதையைத் தேடினேன். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாமின் கழுதை கிடைத்தது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். மோவாபின் ராஜாவாகிய பாலாக் இஸ்ரவேலரைக் கண்டு அஞ்சி, அவர்களைச் சபிப்பதற்காகப் பேயோரின் குமாரன் பிலேயாம் என்ற தீர்க்கதரிசியை ஆள் அனுப்பி அழைக்கிறான். பிலேயாம் கழுதையின்மேல் சேணம் வைத்துப் புறப்படுகிறான். வழியில் அவனைத் தடுக்கக் கர்த்தருடைய தூதன் உருவின பட்டயத்தோடு, அதாவது வாளோடு, நிற்பது கழுதைக்குத் தெரிகிறது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. கழுதை முதலில் வயலுக்குள் விலகுகிறது, அடி விழுகிறது. அடுத்து, திராட்சத்தோட்டங்களின் இரு சுவர்களுக்கு நடுவே போகும் பாதையில் அவன் காலைச் சுவரோடு நெருக்குகிறது, மறுபடியும் அடி. கடைசியாக, விலக இடமே இல்லாத இடுக்கில் அவனைச் சுமந்தபடியே படுத்துவிடுகிறது. அவன் கோலெடுத்து அடிக்கிறான். அதன்பிறகுதான் கழுதை பேசுகிறது. வேதாகமத்தில் வாய் திறந்து மனிதனோடு பேசும் விலங்குகள் இரண்டே இரண்டு. ஏதேன் தோட்டத்துச் சர்ப்பம் ஒன்று, இந்தக் கழுதை மற்றொன்று.

சபையின் மூத்தவர் ஒருவருக்கு இந்தத் தேர்வு பிடிக்கவில்லை. “வேதத்தை விளையாட்டாக்கிவிடாதீர்கள், அம்மா” என்று என்னைத் தனியாக அழைத்து, மரியாதை குறையாமல் சொன்னார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதிர்ந்த வயதில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டு ஆபிரகாம் நகைத்தார், சாராளும் நகைத்தாள். பிறந்த பிள்ளைக்கு வைத்த ஈசாக்கு என்ற பெயருக்கே நகைப்பு என்றுதான் பொருள். கர்மேல் மலையில் எலியா, பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பார்த்து, உங்கள் தேவன் தூங்கினாலும் தூங்குவான், உரத்த சத்தமாய்க் கூப்பிடுங்கள் என்று பரியாசம் செய்கிறார். சேலம், தர்மபுரிப் பக்கத்துக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. அரிதாரம் பூசிய துரியோதனன் கம்பீரமாகச் சபைக்கு வரும்போதே கட்டியங்காரன் அவனைக் கேலி செய்வான். விடியற்காலையில் அதே கூத்தைப் பார்த்து ஊரே கண்ணீர் விடும். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை, தடுக்கவும் இல்லை.

யார் கழுதை?

பாலாக் ராஜாவாக நடிப்பதற்கு நான்கு பேர் போட்டியிட்டார்கள். பிலேயாம் வேடத்துக்கு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பொருத்தமாக இருந்தான். கணீரென்ற குரல், மனப்பாட வசனப் போட்டிகளில் பரிசு வாங்குபவன். தூதனாக நிற்க உயரமான ஒரு பெண்பிள்ளை முன்வந்தாள். பிலேயாமோடு இரண்டு வேலைக்காரர்கள் போனதாக அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆறாம் வகுப்புப் பையன்கள் தங்களுக்கென்று ஒரு தனி உலகத்தையே உருவாக்கிக்கொண்டார்கள். கழுதை யார் என்று கேட்டபோது மட்டும் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. சிறிது நேரம் கழித்து ஏழெட்டு விரல்கள் ஒரே சமயத்தில் பின்வரிசையை நோக்கி நீண்டன. “அவன்தாங்க மிஸ். ஸ்கூல்லயே அவன அப்படித்தாங்க கூப்பிடுவாங்க.” முதலில் நீண்டது பிலேயாமாக நடிக்கப்போகும் மாணவனின் விரல். பின்வரிசைச் சிறுவன் எழுந்து முன்னால் வந்து நின்றான். அவன் மறுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

தமிழில் கழுதை என்ற சொல்லுக்கு எத்தனை விதமான வாழ்க்கை இருக்கிறது என்று நாம் நின்று யோசிப்பதில்லை. சோறு உண்ண மறுக்கும் பிள்ளையை அம்மா கொஞ்சலும் கோபமுமாக அழைக்கும் சொல் அது. கற்பூர வாசனை தெரியாதது கழுதை. கெட்டுப்போனால் குட்டிச்சுவரைத் தேடுவது கழுதை. வகுப்பறையில் அதே சொல் ஆண்டு முழுவதும் ஒரே பிள்ளையின்மேல் விழும்போது அதன் எடை வேறாகிவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையோடு சேர்த்து மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பிரம்பு பெருமளவு மறைந்துவிட்டது. சொல் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. அதைச் சொல்கிறவருக்கு அது ஒரு தண்டனை என்ற நினைவே இருப்பதில்லை.

அன்று நானும் அந்தச் சொல்லை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதுதான் உண்மை. ஒரு வேடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது, அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று தோன்றியதே தவிர, உனக்கு இதில் விருப்பமா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பத்து வருடங்களாகப் பிள்ளைகளோடு பழகுகிறேன். அந்த விரல்கள் நீண்ட விதத்தைப் பார்த்தவுடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

வேலை தொடங்கியபின் ஒன்று தெரியவந்தது. எங்கள் எல்லாரிலும் கழுதையை அருகிலிருந்து அறிந்தவன் அவன் ஒருவனே. அவனுடைய பாட்டியின் ஊர் தர்மபுரி மாவட்டத்து மலையூர்களில் ஒன்று. அந்தப் பக்கத்தில் வண்டி ஏற முடியாத ஊர்களுக்கு இன்னும் கழுதைகள்தான் சுமை ஏற்றுகின்றன. தேர்தல் காலத்தில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லும் படங்களைச் செய்தித்தாளில் பலரும் பார்த்திருப்பார்கள். சேலத்துப் பிள்ளைகளுக்குக் கழுதை என்றால், கைக்குழந்தை இருக்கும் தெருவில் எப்போதாவது பால் விற்க ஓட்டி வரப்படும் ஒரு விலங்கு. இவனுக்கோ அது வீட்டு முற்றத்தில் நின்றது. கழுதை படுக்கும்போது முன்னங்காலைத்தான் முதலில் மடக்கும் என்று அவன்தான் எங்களுக்குச் செய்து காட்டினான். காது பின்னால் போனால் அதற்கு என்ன மனநிலை என்று சொன்னான். “கழுத பயந்துச்சுன்னா குதிர மாதிரி ஓடாதுங்க மிஸ். அப்படியே நின்னுக்கும். என்ன பண்ணாலும் நகராது. நாமதான் அதுக்குத் திமிருன்னு நெனச்சுக்கறோம்.” அதைக் குறித்துவைத்துக்கொண்டேன், நடிப்புக்கு உதவும் ஒரு நுணுக்கமாக மட்டும்.

மற்றவை எல்லாம் எந்த ஓய்வுநாள் பள்ளி நாடகத்திலும் நடப்பவைதான். காப்பிக்கொட்டைச் சாக்கை வெட்டிக் கழுதைத் தோலாக்கினோம். அட்டையில் காது, தாம்புக்கயிற்றில் வால். தவழும் பிள்ளையின் முதுகில் இன்னொரு பிள்ளையின் எடை இறங்கக் கூடாது என்பதால் பிலேயாம் காலை அகற்றி நின்று, அவனோடு சேர்ந்து நடந்தபடி சவாரி செய்வதுபோல் காட்ட வேண்டும். இருவருடைய நடையும் ஒன்றுபட இரண்டு ஒத்திகைகள் பிடித்தன. அடிக்கும் கோல் செய்தித்தாள் சுருள். அது முதுகைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் கணத்தில், திரைக்குப் பின்னால் ஒரு பிள்ளை இரண்டு பலகைகளைத் தட்டினால் சத்தம் கேட்கும் என்பது ஏற்பாடு. பலகை தட்டும் பிள்ளை தாமதித்ததால் ஒத்திகைகளில் சுருளையே கொஞ்சம் பலமாக இறக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் கவனித்தேன், வலிக்காது என்று விட்டுவிட்டேன்.

“சிரிச்சு முடிக்கட்டுங்க”

மூன்றாவது சனிக்கிழமை. காப்பிப் பழம் பறிப்பு தொடங்கும் காலம் என்பதால் பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் எஸ்டேட்டில் இருந்தார்கள். பறிப்புக்குப் போகாத சில தாய்மார்களும் கைக்குழந்தைகளும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கழுதை வயலுக்குள் விலகியது, அடி, சிரிப்பு. சுவராக நின்ற இரண்டு பிள்ளைகளின்மேல் பிலேயாமின் கால் நெருக்குண்டது. அடி, மேலும் சிரிப்பு. கழுதை முன்னங்காலை மடக்கிப் படுத்தது. பிலேயாம் சுருளை ஓங்கி மூன்று முறை இறக்கினான். பின்கட்டு முழுவதும் சிரிப்பில் அதிர்ந்தது. அடுத்து வருவது கழுதையின் முதல் வசனம். அது வரவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்து, கையிலிருந்த தாளைப் பார்த்து நான் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தேன். அவன் சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

“தெரியுங்க மிஸ். அவங்க சிரிச்சு முடிக்கட்டுங்க.”

அதில் கோபம் இல்லை. சுமை இறக்கிவைக்கும்வரை வழியோரம் நிற்கிறவன் சொல்லும் குரலில் அதைச் சொல்லிவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டான். நானும் காத்திருந்தேன். பிள்ளைகளும் அவன் காத்திருப்பதைக் கண்டார்கள். சிரிப்பு குறைந்து, ஒரு மூலையில் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டு, அதுவும் நின்றது. மழைச்சத்தம் மட்டும் மிஞ்சியபோது, நான் எழுதிக்கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு அவன் தன்னுடைய பேச்சில் பேசினான். “மூணு தடவ அடிச்சீங்களே சாமி. நான் உங்களுக்கு என்னங்க பண்ணேன்?” பிலேயாமாக நின்றவன் தன் வசனத்தை இயந்திரம்போல் ஒப்பித்தான்: நீ என்னைப் பரியாசம் பண்ணுகிறாய், என் கையில் ஒரு பட்டயம் மட்டும் இருந்தால் உன்னைக் கொன்றுபோடுவேன். அவன் சொல்லி முடித்ததும் கழுதை கேட்டது. “இத்தன வருசமா உங்கள நாந்தானுங்களே சொமக்கறேன். எப்பவாச்சும் இப்படிப் பண்ணியிருக்கனா?”

அந்த இடத்தில் பிலேயாமுக்கு ஒரே சொல்தான். “இல்லை.” வேதாகமத்திலும் அவ்வளவுதான், அதற்கு அவன்: இல்லை என்றான். மனப்பாட வசனப் போட்டிகளில் அதிகாரம் அதிகாரமாக ஒப்பிக்கும் அந்த மாணவனால் அந்த ஒரு சொல்லை உடனே சொல்ல முடியவில்லை. என்னைப் பார்த்தான். தன் கையில் இருந்த காகிதச் சுருளைப் பார்த்தான். பிறகு, அருகில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில், “இல்ல” என்றான். யாரும் எதுவும் பேசவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த தாய்மார்களில் ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன்.

தூதனை எங்கே நிறுத்துவது

அன்றிரவு சேலத்துக்கு வந்து சேர்ந்ததும் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நாடகமாக எண்ணாமல் எழுத்தெழுத்தாக அந்த அதிகாரத்தை வாசித்தேன். என் தவறு 22ஆம் வசனத்திலேயே இருந்தது. கழுதை விலகுவதற்கு முன்பே, முதல் அடி விழுவதற்கு முன்பே, கர்த்தருடைய தூதன் வழியில் பிலேயாமுக்கு எதிராக நிற்பதை வேதாகமம் நமக்குச் சொல்லிவிடுகிறது. வாசிப்பவருக்குத் தூதன் தெரியும், கழுதைக்குத் தூதன் தெரியும், தெரியாதவன் ஒருவன்தான். நான் என்ன செய்திருந்தேன்? கடைசியில் திடீரென்று தோன்றினால் பார்வையாளர்கள் வியப்பார்கள் என்று தூதனைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். அதனால் பார்க்கிறவர்களும் பிலேயாமைப்போலவே குருடானார்கள். காரணமில்லாமல் நிற்கும் ஒரு விலங்கு, அதை அடிக்கும் ஒரு மனிதன். இவ்வளவுதான் அவர்கள் கண்முன் இருந்தது. வேறு எதைப் பார்த்து அவர்கள் சிரித்திருக்க முடியும்? வேதாகமம் தீர்க்கதரிசியின்மேல் வைத்திருந்த சிரிப்பை நான் எடுத்துக் கழுதையின்மேல் வைத்துவிட்டேன். அந்தச் சிறுவனின் வகுப்பறையில் அது ஏற்கனவே அங்கேதான் இருந்தது.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு கொண்டுவந்த திருத்திய மொழிபெயர்ப்பின் வழியில் வரும் நம்முடைய தமிழ் வேதாகமத்தில், கழுதை பிலேயாமை “நீர்” என்கிறது. “நீர் என்னை இப்பொழுது மூன்றுதரம் அடிக்கும்படி நான் உமக்கு என்ன செய்தேன்” என்பது அதன் கேள்வி. பிலேயாமோ அதை “நீ” என்கிறான். எபிரெய மொழியில் முன்னிலைக்கு இப்படி மரியாதை வேறுபாடு கிடையாது. தமிழில் எழுதியவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, யார் யாரை எப்படி அழைப்பார் என்பதைத் தமிழ் நாட்டில் வாழ்ந்து அறிந்த காதுகளோடு தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடிபட்டவன் மரியாதையை விடவில்லை. எங்கள் சிறுவனும் “அடிச்சீங்களே” என்றுதான் கேட்டான். வசனத்தை மாற்றிச் சொன்னபோதும் அந்த ஒன்றை அவன் மாற்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் வேலையாக அவனைத் தனியே அழைத்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். கழுதையாக நடிக்க உனக்கு விருப்பமா, வேறு வேடம் வேண்டுமா? வேண்டுமானால் பாலாக் ராஜாவையே மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னேன். கேட்காமல் விட்டது என் தவறு என்பதையும் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். “கழுதையே இருக்கட்டுங்க மிஸ். அந்தச் சாக்கு மட்டும் கழுத்துல அரிக்குதுங்க.” சாக்கின் உள்பக்கம் பழைய வேட்டித் துணி வைத்துத் தைத்தோம். காகிதச் சுருள் முதுகைத் தொடவே கூடாது என்று விதி செய்து, பலகை தட்டும் வேலையைத் தாளம் பிசகாத ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தோம்.

பிறகு தூதனைத் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்து, முதல் காட்சியிலிருந்தே மேடை நடுவில், உயர்த்திய பட்டயத்தோடு நிறுத்தினோம். அந்த ஒரு மாற்றம் நாடகத்தையே புரட்டிப்போட்டது. தூதன் எல்லார் கண்ணுக்கும் தெரிய நிற்கும்போது, தெரியாதவர்களாக நடிப்பதில் எத்தனை சிரிப்பு ஒளிந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். வேலைக்காரர்களில் ஒருவன் தூதனின் நீட்டிய கையைக் கிளை என்று எண்ணித் தூக்குவாளியை மாட்டினான். பிலேயாம் வியர்வையைத் துடைக்கத் துணி தேடி, தூதனின் அங்கி முனையை எடுத்து முகம் துடைத்தான். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பிலேயாம் உண்மையிலேயே இருந்தாரா என்று கேட்டபோது, 1967இல் யோர்தான் நாட்டின் தேர் அல்லா என்ற இடத்தில் கிடைத்த சுவரெழுத்தைப் பற்றிச் சொன்னேன். சுண்ணாம்புப் பூச்சின்மேல் கறுப்பும் சிவப்புமான மையால் ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அதில் பேயோரின் குமாரன் பிலேயாம், தெய்வங்களைக் காண்கிற ஞானதிருஷ்டிக்காரன் என்று வருகிறது. இஸ்ரவேலுக்கு வெளியிலும் ‘காண்கிறவன்’ என்று பெயர் பெற்றிருந்தவன், தன் கழுதை கண்டதைக் காணவில்லை. பிள்ளைகள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். மேடைக்கு வந்ததும் பிலேயாம் மார்பு நிமிர்த்தி, “கண் திறக்கப்பட்டவன் வருகிறேன், வழி விடுங்கள்!” என்று சொல்லி, நேராகத் தூதனின்மேல் மோதிக்கொள்வான்.

நகைச்சுவைக்காக நான் எழுதிய வசனங்களில் பெரும்பாலானவற்றை அப்போது நீக்கிவிட்டேன். தேவைப்படவில்லை. “என் கையில் ஒரு பட்டயம் மட்டும் இருந்தால்!” என்று பிலேயாம் கழுதையிடம் கத்தும்போது, பட்டயம் அவன் தலைக்குமேல் ஒரு முழ உயரத்தில் நிற்கிறது. அந்த வரிக்குமேல் ஒரு சிரிப்பை எவராலும் எழுத முடியாது. அது வேதாகமத்தின் வரி.

கடைசிக் காட்சிக்கான யோசனையும் ஒரு பிள்ளையுடையதுதான். மோவாபுக்குப் போய்ச் சேர்ந்தபின் பிலேயாம் பாலாக்கின் விருப்பத்துக்கு மாறாக, சபிப்பதற்குப் பதில் மூன்று முறையும் இஸ்ரவேலை ஆசீர்வதிக்கிறான். பாலாக் கோபத்தில் கையோடு கை தட்டுகிறான். இதை வாசித்துக்காட்டியபோது பலகை தட்டும் பெண், “இப்ப பிலேயாம்தானுங்களே மிஸ் கழுத” என்றாள். ராஜா போகச் சொன்ன வழியில் போகாமல், மூன்று முறை விலகி, திட்டு வாங்குகிறவன் இப்போது அவன். ஆகவே அதே காகிதச் சுருளைப் பாலாக்கின் கையில் கொடுத்தோம். பாலாக் அதை ஓங்குவான். வேதாகமத்தில் அவன் அடிக்கவில்லை என்பதால் நாங்களும் அதை இறக்கவில்லை.

பாலர் ஞாயிறு மாலை

மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கிவிட்டது. பெரியவர்கள் நாற்காலிகளிலும், குல்லாயும் ஸ்வெட்டருமாகச் சின்னப் பிள்ளைகள் முன்னால் விரித்த தார்ப்பாயிலும் உட்கார்ந்தார்கள். தூதன் வந்து நின்ற கணத்திலிருந்து தார்ப்பாய் வரிசை அமைதியாக இருக்கவில்லை. “அங்க பாரு, முன்னாடி பாரு!” என்று பிலேயாமுக்குக் கத்திச் சொன்னார்கள். வேலைக்காரன் தூக்குவாளியை மாட்டியபோது சில பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். முதல் அடிக்குச் சிறிது சிரிப்பு வந்தது. இரண்டாவது அடிக்கு அதைவிடக் குறைவு. மூன்றாவது முறை பிலேயாம் சுருளை ஓங்கியபோது, நான்கு வயது இருக்கும் ஒரு பெண்குழந்தை எழுந்து நின்று “அடிக்காத!” என்று கத்தியது. பலகைச் சத்தம் கேட்டது. சிரிப்பு இல்லை.

காத்திருப்பதற்கு இப்போது எதுவும் இல்லை. என்றாலும் அவன் காத்திருந்தான். ஒத்திகையில் எவ்வளவு நேரம் காத்திருந்தானோ அவ்வளவு நேரம், தலை தாழ்த்தியபடி. பிறகு தன் கேள்வியைக் கேட்டான். பட்டய வசனம் வந்தபோது பெரியவர்கள் வரிசையும் சேர்ந்து சிரித்தது. அடுத்த கேள்விக்கு, பிலேயாம் மைக்குக்கு அருகில் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி “இல்லை” என்றான். அது எழுதிக்கொடுத்த சொல். ஆனால் சொல்லிவிட்டுக் காகிதச் சுருளைக் கீழே வைத்தானே, அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் கடைசிக் காட்சியில் பாலாக் அதைத் தரையில் தேடி எடுக்க வேண்டியதாயிற்று.

நிகழ்ச்சி முடிந்ததும், முதலில் எதிர்ப்புச் சொன்ன பெரியவர் எழுந்து பிள்ளைகள் உடை மாற்றும் இடத்துக்குப் போனார். கழுதையாக நடித்தவனிடம், “முன்னங்காலை மடித்துப் படுப்பதை எங்கேப்பா கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டார். அவன் பாட்டி ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். என்னிடம் நாடகத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குள் முழுவதும் அடங்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சிறுவன் பட்டுக்கொண்டிருந்த வேதனைதான் அந்த நாடகத்தை நல்ல நாடகமாக்கியது. அதை எடுத்து மேடையில் வைப்பதற்கு எனக்கு என்ன உரிமை? அவன் சம்மதித்தான் என்பது உண்மைதான். ஆனால் நான் கேட்டது மூன்று ஒத்திகைகள் முடிந்தபிறகு. பள்ளியில் அவனை இப்போது எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டேன். சிலர் விட்டுவிட்டார்களாம், சிலர் இன்னும் அப்படியே கூப்பிடுகிறார்களாம். “பிலேயாம் மட்டும் கூப்பிடறதில்லீங்க” என்றான். அந்த எட்டாம் வகுப்பு மாணவனை அவன் இப்போதும் வேடத்தின் பெயராலேயே குறிப்பிடுகிறான்.

அதற்கடுத்த வாரம் சாக்கு, காது, வால் எல்லாவற்றையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்று, கழுதைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டான். பிலேயாமின் முடிவு எனக்குத் தெரியும். எண்ணாகமம் 31ஆம் அதிகாரத்தில் அவன் பட்டயத்தால் கொல்லப்படுகிறான். கழுதையைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. இருவருமாகச் சேர்ந்து 22ஆம் அதிகாரத்தின் மீதி வசனங்களையும், 23, 24ஆம் அதிகாரங்களையும் விரல் வைத்துத் தேடினோம். பிலேயாம் பாலாக்கின் பிரபுக்களோடு போகிறான், பலிபீடங்கள் கட்டப்படுகின்றன, கடைசியில் அவன் தன் இடத்துக்குத் திரும்புகிறான். தூதன் பேசி முடித்தபிறகு கழுதை ஓரிடத்திலும் வரவில்லை.

“அப்ப அது திரும்பியே போயிருக்காதுங்க மிஸ்” என்றான். “மொதல்ல வெலகிப் போச்சில்லீங்களா, ஒரு வயலு. அங்க போய் மேஞ்சிட்டு இருந்திருக்கும்.”